பட்டப்படிப்பும் வேலைத் தகுதியும்: பல்கலைக்கழகங்கள் எங்கே கைவைக்க வேண்டும்?

நெல்லை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றிலுள்ள தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். அடுத்த கல்வியாண்டுக்கான எங்கள் பாடத்திட்டக் குழு விரைவில் கூடவிருக்கிறது. படித்து முடித்து வெளியே செல்லும் மாணவர்கள் வேலைக்குத் தகுதியானவர்களாக இருப்பதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தக் கூட்டத்தின் முதல் பொருள். இதை வெவ்வேறு பக்கங்களிலிருந்து பார்த்தவர்களின் கருத்தை அறிந்துகொண்டு கூட்டத்துக்குச் செல்ல விரும்புகிறேன்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோருக்கான மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இது பெருமைக்குரியது. இந்த 47-க்குள் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தன்விவரக் குறிப்பை எப்படி எழுதுவது, நேர்காணலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்பதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லித்தர வீட்டில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லை. அவர்களுக்கு இருப்பது கல்லூரி மட்டுமே.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நாம் வேலைத் தகுதியை இறுதியாண்டில் சில வாரங்கள் நடக்கும் தனிப் பயிற்சியாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். வழக்கமான பாடத்துக்குள்ளும் வழக்கமான தேர்வுக்குள்ளும் வராத எதையும் மாணவர் பொருட்படுத்துவதில்லை. நேர்மையாகச் சொன்னால் ஆசிரியர்களும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் வினாத்தாள்தான் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

முன்னாள் வேலைவாய்ப்பு அலுவலர்:

வணக்கம் ஐயா. பொறியியல் கல்லூரிகளில் பயிற்சி மற்றும் வேலைவாய்ப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய மென்பொருள் நிறுவனம் எதுவும் முதல் நாளிலேயே மாணவரின் பாட அறிவைச் சோதிப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு இருக்கிறதா, நிலுவையில் அரியர் உண்டா என்ற இரண்டு கேள்விகளிலேயே வகுப்பில் கணிசமானோர் வெளியேறிவிடுவார்கள். அதன் பிறகு கணினிவழி ஆப்டிட்யூட் தேர்வு வரும். ரயில் வேகம், கூட்டு வேலை, வட்டி, எண் வரிசை, ஆங்கிலப் பத்தி வாசிப்பு என்று குறுகிய நேரத்துக்குள் முடிக்க வேண்டிய கேள்விகள் அவை. சிறு நகரத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு மாணவி தன் துறைப் பாடங்களில் எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தாலும், அந்தத் தேர்வின் வேகத்துக்குப் பழகாவிட்டால் அடுத்த சுற்றுக்கு வரமாட்டார். அவருடைய ஆழத்தை எவரும் பார்க்கப்போவதில்லை. ஆகவே அந்தப் பயிற்சியை மேலோட்டமானது என்று ஒதுக்குவது, நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே கதவைத் திறந்து வைப்பதாக முடியும்.

ஆனால் வேலைவாய்ப்புப் பிரிவை மதிப்பிடும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கல்லூரி விளம்பரத்தில் அச்சாகும் எண்ணிக்கை, கொடுக்கப்பட்ட பணி ஆணைகளின் எண்ணிக்கை. ஒரே மாணவர் மூன்று ஆணைகள் பெற்றால் அது மூன்றாகவே எண்ணப்படும். அவர் பணியில் சேர்ந்தாரா, சேர்வதற்கு அந்த நிறுவனம் எத்தனை மாதங்கள் காத்திருக்க வைத்தது, ஓராண்டு கழித்து அங்கேயே இருக்கிறாரா என்பதை எவரும் கேட்பதில்லை. எதை எண்ணுகிறோமோ அதற்காகத்தான் அந்தப் பிரிவு உழைக்கும்.

கோவை மெஷின் ஷாப்:

நான் வேலை கொடுக்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பவுண்டரியும் மெஷின் ஷாப்பும் நடத்துகிறோம். எங்களைப் போன்றவர்கள் கல்லூரி வளாகத்துக்கு அழைக்கப்படுவதில்லை. ஓர் ஆண்டில் இரண்டு மூன்று பேரைத்தான் எடுப்போம் என்பதால் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு எங்களால் பெரிய பயன் இல்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் எங்களைப் போன்ற சிறு தொழிற்கூடங்கள் எத்தனை இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் எழுத்துத் தேர்வு எதுவும் வைப்பதில்லை. இயந்திரவியல் படித்து வருபவரிடம் எட்டுத் துளைகள் கொண்ட ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் வட்டத் தகடு) ஒன்றையும் ஒரு வெர்னியர் காலிப்பரையும் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையால் டிராயிங் போடச் சொல்வேன். கருவியின் மீச்சிற்றளவு என்ன என்று கேட்டால் 0.02 மில்லிமீட்டர் என்று உடனே பதில் வரும். வெளிவிட்டத்தையும் நடுத்துளையையும் பெரும்பாலோர் அளந்துவிடுவார்கள். துளைகளின் மையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் என்ன என்ற இடத்தில்தான் ஆள் யார் என்று தெரியும். துளையின் மையத்தில் காலிப்பரை வைக்க முடியாது. அங்கே இரும்பு இல்லை. எதிரெதிர்த் துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதிலிருந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். இது எந்தப் பாடநூலிலும் தனி அத்தியாயமாக இல்லை. பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து யோசிப்பவருக்குத் தானாகவே தோன்றும். பலர் காலிப்பரைத் துளைக்கு அருகே கொண்டுபோய், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள். அவர்களில் ஆய்வகப் பாடத்தில் 90-க்கு மேல் மதிப்பெண் வாங்கியவர்களும் உண்டு.

அந்தப் பிள்ளைகள் மீது எனக்குச் சிறிதும் வருத்தம் இல்லை. ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, ஒருவர் இயக்க மற்றவர்கள் பார்த்து, முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அனைவரும் எழுதினால் இதுதான் கிடைக்கும். இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கித்தரும் சென்டர்கள் ஊருக்கு ஊர் இருப்பதைப் பல்கலைக்கழகங்கள் அறியாதவை அல்ல.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1951-இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1926 முதல் இயங்கி வந்த பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடத்தின் பக்கத்திலேயே வளர்ந்தது. அங்கே சாண்ட்விச் முறையிலான ஐந்தாண்டுப் பொறியியல் பட்டம் உண்டு. வகுப்பும் தொழிற்கூடமும் மாறி மாறி வரும். அப்படி வந்தவர்களிடம் டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் சிறு வேறுபாடு, என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதை மீறினால் அசெம்பிளியில் என்ன நேரும் என்பதை அவர்களே பார்த்திருப்பார்கள்.

மூன்றாமாண்டு வணிகவியல்:

வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் சுழற்சியில் பி.காம். படிக்கிறேன். எங்கள் வகுப்புகள் மதியத்துக்குப் பிறகுதான் தொடங்கும். இங்கே பெரியவர்கள் பேசுவதில் ஒரு விஷயம் விடுபட்டிருப்பதாகத் தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் பலர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறோம். காலையில் ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கூரியர் அலுவலகம் என்று போய்விட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறோம். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் கொள்முதல் பில்களை, ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2பி அறிக்கையுடன் (விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியல் அது) ஒவ்வொன்றாக ஒப்பிடுவது என் வேலை. விற்றவர் தன் கணக்கில் காட்டாத பில் இருந்தால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது; கொள்முதலில் கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அந்தப் பில்லைக் கண்டுபிடித்து, விற்றவருக்குத் தொலைபேசியில் பேசி, அவர் கோபப்பட்டாலும் பொறுமையாக விளக்கித் திருத்தச் சொல்ல வேண்டும். கல்லூரியில் ஜி.எஸ்.டி. பாடத்தில் அதன் வரலாறும் வகைகளும் நன்மை தீமைகளும் கேட்கப்படுகின்றன. நான் காலையில் செய்வதும் மாலையில் எழுதுவதும் ஒரே பொருளைப் பற்றியவை என்றாலும், இரண்டையும் சேர்த்துப் பேச எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்ததில்லை. வேலை செய்கிறேன் என்று ஆசிரியரிடம் சொன்னால் வருகைப்பதிவு குறைந்துவிடும் என்ற கண்டிப்புத்தான் கிடைக்குமோ என்ற பயத்தில் பலர் சொல்வதே இல்லை.

உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) கட்டாயம் என்று வந்தபோது எங்களில் சிலர், தாங்கள் பார்த்துவந்த வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, சம்பளம் இல்லாத வேறோர் இடத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்தார்கள். இது சரிதானா என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி. தொழில் பழகுநர் பயிற்சி (அப்ரண்டிஸ்) என்பது பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும்தானா? பி.காம். முடித்தவர்களுக்கும் உண்டா?

நெல்லை ஆசிரியர்:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பழகுநர் பயிற்சி பற்றி அறிந்தவர்கள் விரிவாகப் பதில் சொல்வார்கள். வேலை செய்யும் மாணவர்களைக் குறித்து நீங்கள் எழுதியதை அப்படியே கூட்டத்தில் வாசிக்கவிருக்கிறேன்.

வினாத்தாளைப் பற்றி நான் சொன்னதை விளக்குவதற்கு உங்கள் அனுபவமே பொருத்தமாக இருக்கிறது. நம் ஏட்டிலுள்ள இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தேர்வில் நாம் என்ன கேட்கிறோம்? செலுத்திய காசோலை இவ்வளவு இன்னும் வசூலாகவில்லை, விடுத்த காசோலை இவ்வளவு இன்னும் முன்னிலைப்படுத்தப்படவில்லை, வங்கி இவ்வளவு கட்டணம் பற்று வைத்தது என்று வேறுபாடுகள் அனைத்தையும் நாமே எழுதிக்கொடுத்துவிட்டுக் கூட்டவும் கழிக்கவும் சொல்கிறோம். அலுவலகத்தில் வேறுபாடுகளை எவரும் எழுதித்தருவதில்லை. ரொக்க ஏட்டில் ஒரு மாதத்துப் பக்கங்களும் வங்கி அறிக்கையில் அதே மாதத்துப் பக்கங்களும் மேசை மேல் இருக்கும், இருப்பு பொருந்தாது, எங்கே பொருந்தவில்லை என்று தேடுவதுதான் முழு வேலையும். தேடும் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு எஞ்சிய எண்கணிதத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். கோவை நண்பர் சொன்ன ஃபிளாஞ்சும் இதே வகைதான்.

ஒரு மாதத்து ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் பெயர்களை மாற்றி அச்சிட்டு, தேடிக் கண்டுபிடிக்கும் கேள்வியாகவே அக மதிப்பீட்டில் வைப்பதற்குத் தனி நிதி தேவையில்லை, புதிய ஆய்வகம் தேவையில்லை, வெளியிலிருந்து பயிற்சியாளரும் தேவையில்லை. ஓர் ஆசிரியர் இரண்டு மாலைகள் உட்கார்ந்தால் போதும்.

வரலாற்றுத் துறை:

இந்த இழையின் போக்கை மதிக்கிறேன். ஆனாலும் ஓர் அடிப்படைக் கவலையைப் பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகம் என்பது நிறுவனங்களுக்கு ஆள் தயாரித்துக் கொடுக்கும் கூடம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மையாகிவருகிறது. 2023-24ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையில், இளைஞர்களில் 51.25 விழுக்காட்டினரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்ற எண் இடம்பெற்றது. அது ஒரு தனியார் ஆய்வறிக்கையிலிருந்து எடுக்கப்பட்ட எண். அந்த ஆய்வு, கணினிவழித் தேர்வு ஒன்றின் மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. அன்று முதல் மீதி 48.75 விழுக்காட்டினர் தகுதியற்றவர்கள் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. வேலைகள் போதுமான அளவில் உருவாகின்றனவா, உருவாகும் வேலைகளுக்குக் கொடுக்கப்படும் சம்பளம் ஒரு பட்டதாரி வெளியூரில் அறை எடுத்துத் தங்கிச் சாப்பிடப் போதுமா என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுகின்றன. குறை முழுவதும் மாணவர் தலையில் விழுகிறது.

வரலாறு, தமிழ், பொருளியல் படிக்கும் மாணவர்களுக்குத் தொழிற்கூடமும் இல்லை, வளாகத் தேர்வும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளை நம்பியிருக்கிறார்கள். குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிப்போரையும் நிரப்பப்படும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த எவரும், பட்டம் பெற்றபின் அதை மட்டுமே நம்பியிருக்கும்படி ஒரு மாணவரிடம் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நெல்லை ஆசிரியர் சொல்லும் முறையில் எனக்கு ஓர் ஒத்திசைவு தெரிகிறது. ஒன்றுக்கொன்று முரண்படும் நான்கு ஆவணங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது, ஏன், நடந்தது என்ன என்று இரண்டு பக்கங்களில் எழுதச் சொல்வது வரலாற்றுத் துறையின் உயிர்நாடியான பயிற்சி. அதைச் செய்ய முடிந்தவர் செய்தி அலுவலகத்திலும் தொண்டு நிறுவனத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பயன்படுவார். நாம் செய்வதோ, சோழர் நிர்வாகம் பற்றிக் கட்டுரை வரைக என்று கேட்டு, கையேட்டில் மனப்பாடம் செய்ததைத் திருத்துவது. துறையைத் துறையாகவே ஒழுங்காகக் கற்பித்தால் வேலைத் தகுதியில் பெரும்பகுதி தானாக வந்துவிடும் என்று சொல்லத் துணிகிறேன். அதற்கு முதல் தேவை, பருவத்துக்குப் பருவம் பணி நீடிக்குமா என்று தெரியாமல் உழைக்கும் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறைகளை நடத்தும் நிலை மாறுவது. நூறு விடைகளைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்பித்தரும் ஆசிரியருக்கு நேரமும் நிம்மதியும் வேண்டும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

பேராசிரியர் சொன்னதை எங்கள் தொழிலிலிருந்து உறுதிப்படுத்துகிறேன். நான் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறேன். படித்தது ஆங்கில இலக்கியம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் எங்கள் ஆவணப் பிரிவின் உயிர். பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதமான லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் எழுதியிருக்கும் சரக்கு விவரத்துக்கும் இன்வாய்ஸில் இருக்கும் விவரத்துக்கும் வேறுபாடு இருந்தால் வங்கி ஆவணத்தை ஏற்க மறுக்கலாம். சரக்கு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போயிருக்கும், பணம் வராது. புதிதாக வருபவர்களிடம் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வரிவரியாகப் படிக்கும் பொறுமை. மென்பொருளை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்தப் பொறுமையை எங்களால் கற்றுக்கொடுக்க முடிவதில்லை. கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பழகியிருந்தால்தான் உண்டு.

இன்னொன்று மின்னஞ்சல். தாமதமாகும் சரக்கைப் பற்றி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும் என்றால், எத்தனை நாள் தாமதம், எதனால், நாம் என்ன செய்கிறோம், அவர் எதை முடிவு செய்ய வேண்டும் என்ற நான்கையும் ஆறு வரிகளில் சொல்ல வேண்டும். இலக்கணம் சிறிது பிசகினாலும் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். காரணத்தை மறைத்து எழுதினால் அடுத்த ஆர்டர் வராது.

யாழ்ப் பொறியியல்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அரச பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்களில் கைத்தொழிற் பயிற்சி, அதாவது தொழிற்சாலைப் பயிற்சி, பட்டத்தின் ஓர் அங்கம். அதை முடிக்காமல் பட்டம் இல்லை. பயிற்சி இடங்களை ஒழுங்கு செய்வதிலும் மேற்பார்வையிலும் தேசிய தொழிற் பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபைக்குப் பங்கு உண்டு. மாணவர் நாள்தோறும் என்ன செய்தார் என்று குறிப்பேட்டில் எழுதி, தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் ஒப்பம் பெற வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. சுற்றிவரப் பெரிய தொழிற்சாலைகள் குறைவு என்பதால் பயிற்சிக்குப் பலர் கொழும்புப் பக்கம் போக வேண்டியுள்ளது. தங்குமிடச் செலவு குடும்பங்களுக்குப் பாரம். பயிற்சியைக் கட்டாயமாக்கும்போது அதற்கான செலவை யார் ஏற்பது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முன்னாள் வேலைவாய்ப்பு அலுவலர்:

யாழ் நண்பர் சொன்ன செலவுப் பிரச்சினை இங்கும் அப்படியே உண்டு. சென்னையில் சம்பளமில்லாத இரண்டு மாத உள்ளகப் பயிற்சி என்றால், அங்கே உறவினர் வீடு உள்ள மாணவரே போக முடிகிறது. போக முடியாதவர்களுக்காகவே பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் முளைத்துவிட்டன. அச்சான்றிதழைக் கல்லூரி கோப்பில் வைத்துக்கொள்கிறது. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது எண்ணிக்கை காட்டப்படுகிறது. மாணவருக்குக் கிடைத்தது ஒன்றும் இல்லை. வணிகவியல் மாணவி சொன்னதுபோல், அவர் ஏற்கெனவே செய்யும் வேலையை ஆசிரியர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, மாதம் ஒருமுறை அதைப் பற்றி எழுதிக்கொடுக்கச் சொல்லி, அதையே உள்ளகப் பயிற்சியாக ஏற்றுக்கொண்டால் என்ன? பிலானியின் பிர்லா தொழில்நுட்ப நிறுவனம் 1973 முதல் நடத்திவரும் பயிற்சிப் பள்ளி முறையின் வலிமையே, நிறுவனத்துக்கு மாணவருடன் ஆசிரியரும் சென்று அங்கேயே மதிப்பிடுவதில்தான் இருக்கிறது. மாணவரை அனுப்பிவிட்டுச் சான்றிதழுக்காகக் காத்திருப்பதை அதனோடு ஒப்பிடவே முடியாது.

'நான் முதல்வன்' திட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட அந்தத் திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகத் திறன் படிப்புகளைக் கல்லூரிப் பருவத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன் மிக நல்ல கூறு என்று நான் கருதுவது, மாணவர் தனியே பணம் கட்டி மாலை வகுப்புக்குப் போக வேண்டியதைக் கல்லூரிக் கால அட்டவணைக்குள் சேர்த்ததுதான். ஆனால் திறன் பாடம் ஒரு பக்கமும் துறைப் பாடம் மறு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காமல் நடந்தால் பயன் பாதியாகிவிடும். தரவுப் பகுப்பாய்வு கற்ற பொருளியல் மாணவர், அதே பருவத்தில் தன் பொருளியல் பாடத்தின் ஒப்படைப்பை அதைக் கொண்டு செய்யும்படி துறை ஆசிரியர் கேட்க வேண்டும்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். உண்டு அம்மா. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் தொழிற்பிரிவுகளுக்கே (டிரேடு) இருந்தது. 1973 திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் சேர்த்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களும் தகுதி பெற்றார்கள். தென் மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு. 2019 விதித் திருத்தம் பட்டதாரிகளுக்கு மாதம் 9,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கிறது. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு, பொதுத்துறை நிறுவனங்களும் போக்குவரத்துக் கழகங்களும் வெளியிடும் அறிவிப்புகளைக் கவனியுங்கள். ஏற்கெனவே பழகுநர் பயிற்சி பெற்றவர்களையும், ஓராண்டோ அதற்கு மேலோ பணி அனுபவம் உள்ளவர்களையும் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், தணிக்கையாளர் அலுவலக வேலையை எப்படிக் குறிப்பிடுவது என்பதை விண்ணப்பிக்கும் முன் வாரியத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனமே வேலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அதன் இறுதியில் கிடைக்கும் சான்றிதழுக்குச் சட்டப்படியான மதிப்பு உண்டு.

கோவை மெஷின் ஷாப்:

பழகுநர் முறை சிறு தொழில்களுக்கும் பொருந்தும். ஆனால் பதிவு, ஒப்பந்தம், மாதாந்திர விவரம் என்று இணையவழியில் செய்ய வேண்டியவற்றுக்கு எங்களிடம் தனி ஆள் இல்லை. பக்கத்துக் கல்லூரி அந்த எழுத்து வேலையில் கைகொடுத்தால், எங்கள் சங்கத்தில் பலர் ஆளுக்கு ஒருவரையாவது எடுத்துக்கொள்வார்கள். கல்லூரி செய்யக்கூடிய உதவி என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிரித்தானியா வாசகர்:

எண்ணிக்கை பற்றிய பேச்சுக்கு ஒரு சிறு சேர்க்கை. இங்கே பட்டம் பெற்று 15 மாதங்கள் கழித்து, பட்டதாரிகள் அனைவரிடமும் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கும் தேசியக் கணக்கெடுப்பு நடக்கிறது. செய்யும் வேலை உங்களுக்குப் பொருள் உள்ளதாக இருக்கிறதா, படித்தது பயன்படுகிறதா என்றும் கேட்கிறார்கள். அதைக் கேட்பது பல்கலைக்கழகம் அல்ல. பொதுவான ஓர் அமைப்பு. முடிவுகள் வெளியாகின்றன. வளாகத்தில் கொடுக்கப்பட்ட ஆணைகளை எண்ணுவதைவிட இது மாணவருக்கு நேர்மையானது.

நெல்லை ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. இந்தியாவில் அதற்கு ஓரளவு அருகில் வருவது, ஒன்றிய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். எனும் கல்வி நிறுவனத் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரங்கள். எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் வேலைக்குச் சென்றார்கள், அவர்களுடைய ஊதியத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்பவை கல்லூரி வாரியாகப் பொதுவில் கிடைக்கின்றன. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் விளம்பரத்தில் அச்சாகும் அதிகபட்சச் சம்பளத்தைவிட இந்த இடைநிலை எண்ணைப் பார்ப்பது நல்லது. ஆயினும் அந்த விவரங்கள் கல்லூரியே கொடுப்பவை. ஆகவே எங்கள் துறையளவில், பட்டம் பெற்று ஓராண்டு ஆனவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் பணியை இரண்டாமாண்டு மாணவர்களிடமே ஒப்படைக்கலாம் என்று நினைக்கிறேன். கேட்பவருக்கும் தன் படிப்பு எங்கே கொண்டுபோகும் என்று தெரியும்.

கூட்டத்துக்கு நான் எடுத்துச் செல்லவிருக்கும் முன்மொழிவுகள் பெரியவை அல்ல. எங்கள் கல்லூரியில் அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற பங்கீடு இருக்கிறது. 75-ஐத் தொடுவதற்கு உரிய ஒப்புதல்கள் வேண்டும், காலமாகும். 25 எங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒப்படைப்பு என்ற பெயரில் பாடநூலைப் பார்த்து எழுதும் பகுதியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு தாளிலும் ஓர் உண்மையான ஆவணக் கட்டைக் கொடுத்துத் தேடிக் கண்டுபிடித்து எழுதும் பணியை வைக்கக் கேட்பேன். வேலை செய்யும் மாணவர்களின் வேலையை ஆசிரியர் மேற்பார்வையுடன் உள்ளகப் பயிற்சியாக ஏற்கக் கேட்பேன். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் சுட்டிய ஆசிரியர் பணியிடப் பிரச்சினையையும் குறிப்பில் சேர்ப்பேன். இவை அனைத்தும் திருத்தும் நேரத்தைக் கேட்பவை, அந்த நேரத்துக்கு யார் ஊதியம் தருவது என்பது தீராமல் இவை நிலைக்கா.

மூன்றாமாண்டு மாணவிக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் 2பி அறிக்கையுடன் பில்களை ஒப்பிடும் முறையை, வாடிக்கையாளர் பெயரும் பதிவெண்ணும் வராதபடி, உங்கள் அலுவலகத் தணிக்கையாளரின் அனுமதியுடன் ஒரு பயிற்சித் தாளாக எழுதித்தர முடியுமா? பில்கள் ஒரு முப்பது இருந்தால் போதும். அவற்றில் நான்கைந்து பொருந்தாமல் இருக்கட்டும். கூட்டத்தில் மாதிரியாக வைக்க எனக்கு அதுவே வேண்டும்.

மூன்றாமாண்டு வணிகவியல்:

எழுதித்தருகிறேன் ஐயா. சாரிடம் நாளைக் காலை அனுமதி கேட்கிறேன். பொருந்தாத பில்களில் ஒன்றில் வரித்தொகை சரியாக இருந்து பதிவெண்ணில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும்படி வைக்கலாமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது அந்த வகைதான்.